தோட்டக்காரர் வேஷம்

சாமான் லாரி திரும்பிப் போன பிறகுதான் அந்த வீட்டின் அமைதி தெரிந்தது.

லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே, மலைக்கு அந்தப் பக்கம், வேன் நைஸில் இருந்தது வீடு. சுற்றிலும் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருக்க, இது மட்டும் அங்கே அக்ரூட் தோப்புகள் இருந்த காலத்துப் பழசு. கொல்லைக் கதவைத் திறந்தால் நீளமான தோட்டம். அதன் கோடியில் மரப்பந்தல் மேல் ஒரு திராட்சைக்கொடி. வருஷக்கணக்காக யாரும் கைவைக்காததால் கொடி பந்தலையே விழுங்கியிருந்தது. பிப்ரவரி மாதம். இலை ஒன்றுகூட இல்லை. இருந்தும் அதன் அடியில் நடுப்பகலிலும் இருட்டு அப்பிக் கிடந்தது.

"வீடு பிடிச்சிருக்கு வான்," என்றாள் லோரெய்ன். "அந்தக் கொடிதான் என்னவோ மாதிரி இருக்கு. வெட்டிவிட ஆள் பார்க்கணும்."

"பார்க்கலாம்," என்றான் அவள் கணவன், கொடியின் பக்கம் திரும்பாமலே.

எந்தக் கணுவில் வெட்ட வேண்டும், எத்தனை மொட்டு விட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே கற்றுக்கொண்டது. ஆனால் கன்சாஸ் மாகாணத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்து, சூறாவளியில் பெற்றோரை இழந்த அநாதைக்குத் திராட்சையைப் பற்றி என்ன தெரிந்திருக்க முடியும்? அப்படித்தான் லோரெய்னிடம் சொல்லியிருந்தான். எல்லோரிடமும் அப்படித்தான்.

வான் ஹாலிஸ் என்ற பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைக் காட்டினால் தெரியாதவர்கள் இல்லை. குதிரைத் திருடன், குறுக்குப்புத்தி வக்கீல், செவ்விந்தியத் தலைவன், மெக்சிகோ கொள்ளைக்காரன் எல்லாம் அவன்தான். கறுத்த புருவமும் கூர்மூக்கும் அவனுக்குச் சோறு போட்டன. வாராவாரம் ஏதாவது ஒரு டிவித் தொடரில், கடைசி விளம்பரத்துக்கு முன்னால் செத்துப்போவான். மளிகைக்கடையில் பெண்கள் நிறுத்திக் கேட்பார்கள்: "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே? பாங்கில வேலையா?"

"இல்லம்மா. போன வாரம் உங்க வீட்டு டிவியில என்னைத் தூக்கில போட்டாங்க."

சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் சாகாத ஒரு வேஷத்துக்காக அவன் ஏங்கிக்கொண்டிருந்தான்.

அது வந்தது. லேலண்ட் கூப் என்ற தயாரிப்பாளர் புதிதாகத் தொடங்கவிருந்த கௌபாய் தொடரில் ஊர் டாக்டர் வேஷம். வாராவாரம் வரும், வருஷக்கணக்கில் வரும். விளம்பரம் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: "இந்த ஆள் நம்ம ஆள்தானா? வெளிநாட்டுக்காரன் மாதிரி இருக்கானே." கூப் சமாதானம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு புதுவீட்டுக்குச் சாப்பிட வருகிறேன் என்றார். பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறார் என்பது வானுக்குப் புரிந்தது.

அந்த ஞாயிறு வெயில் இதமாக அடித்தது. வான் தோட்டத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். கூப் நாற்காலியில் சாய்ந்து கதையடித்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டுக் கதவு கிறீச்சிட்டது.

தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக ஒரு கிழவர் உள்ளே வந்தார். கையில் பழப்பெட்டி. அதில் உலர்ந்த திராட்சையும், திராட்சைப் பாகில் தோய்த்து நூலில் கோத்த அக்ரூட் மாலைகளும். ப்ரெஸ்னோவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் கராபெத் ஹலாஜியன். படுகொலையில் ஊரே செத்த காலத்தில் ஆர்மீனியாவிலிருந்து தப்பி வந்து, ப்ரெஸ்னோ மண்ணில் திராட்சை போட்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவள் ஷூஷான். இளையவன் வாஹான். அந்தப் பெயரின் நடுவே இருந்த மூச்சைப் பிடுங்கிப் போட்டுத்தான் அவன் வான் ஆகியிருந்தான்.

கிழவர் வாய் நிறையச் சிரித்தார். மகனின் பெயரைச் சொல்ல உதடு பிரிந்தது.

"யாருப்பா இது?" என்றார் கூப்.

வானுக்கு யோசிக்க அவகாசமே இல்லை. ஆனால் நாக்குக்கு யோசனை தேவைப்படவில்லை. வசனம் தானாக வந்தது.

"தோட்டக்காரர். கொடி வெட்டச் சொல்லியிருந்தேன். இன்னிக்கே வந்து நிப்பார்னு தெரியாது."

கிழவருக்கு ஆங்கிலம் அரைகுறைதான். இந்த ஒரு சொல் புரியாத அளவுக்கு அரைகுறை இல்லை. மகனைப் பார்த்தார். கூப்பைப் பார்த்தார். பிறகு பெட்டியை மெதுவாகக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தார்.

"ஆமா ஐயா. தோட்டக்காரன்."

அன்று மத்தியானம் முழுக்க அவர் கொடி வெட்டினார். கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, கொட்டகையில் கிடந்த துருப்பிடித்த கத்தரியைக் கல்லில் தீட்டி எடுத்துக்கொண்டார். இவர்கள் சாப்பிட்டார்கள். டக்... டக்... என்று கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பின் மனைவி டாட்டி, "என்ன சுறுசுறுப்பு பாருங்க! எங்க வீட்டுக்கும் அனுப்பி வையுங்களேன்," என்றாள். லோரெய்ன் ஒரு தட்டில் இறைச்சி வைத்து அவரிடம் கொண்டுபோனாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். சொந்தப் பிள்ளை வீட்டில், முதல் தடவை.

எல்லோரும் காபிக்கு உள்ளே போனபோது வான் பந்தலடிக்கு ஓடினான்.

"அப்பா, நான் அப்புறம் எல்லாம் விவரமா..."

"பேசாதே. ஜன்னல் வழியா பாக்கறாங்க." கிழவர் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆர்மீனிய மொழியில், தணிந்த குரலில் பேசினார். "நம்மூர் காபிக்கடை டிவியில உன்னைக் காட்டுவாங்கடா. நீ செத்து விழறப்பல்லாம் எல்லாரும் கைதட்டுவாங்க. என் பிள்ளை எப்படிச் சாகிறான் பாருன்னு நானும் தட்டுவேன். இன்னிக்கு நானும் நடிக்கிறேன். நல்லா இருக்கா?"

வான் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு," என்றார். "மிச்சத்தை வந்து முடிச்சுத் தரேன்."

அவர் எப்போது கிளம்பிப் போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஷூஷான் போன் செய்தாள். ப்ரெஸ்னோவில் பஸ் நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் அப்பா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாராம். டிரைவர் தோளைத் தொட்டிருக்கிறார். உடம்பு சில்லிட்டிருந்தது.

"புதன்கிழமை அடக்கம். வந்துடுடா."

புதன்கிழமை டாக்டர் வேஷத்துக்கு முதல் நாள் படப்பிடிப்பு. லீவு கேட்கலாம். என்ன சொல்லிக் கேட்பது? சூறாவளியில் செத்ததாகச் சொன்ன அப்பா இன்னொரு தடவை எப்படிச் சாவார்?

"என்னால வர முடியாதுக்கா."

"அவர் உன் வீட்டுக்குத்தானே வந்தார்? என்ன சொல்லி அனுப்பினே?" என்றாள் ஷூஷான்.

அவன் போனை வைத்துவிட்டான்.

புதன்கிழமை நன்றாக நடித்தான். ஊர் மக்கள் கூடி நிற்க, சாகக் கிடக்கும் ஒரு பண்ணைக்காரரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும் காட்சி. விளக்குத் தூக்குகிறவர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். கூப் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். லோரெய்ன் சமையல்கட்டு ஜன்னலருகே நின்றிருந்தாள்.

"அந்தத் தோட்டக்காரர் வந்திருந்தார் வான். பாவம், காலையிலேர்ந்து வேலை. தண்ணிகூட வேண்டாம்னுட்டார்."

"எந்தத் தோட்டக்காரர்?"

"என்ன கேள்வி இது? ஞாயித்துக்கிழமை வந்தாரே, அவர்தான். மிச்சத்தை முடிக்க வந்தேன்னார்."

வான் தோட்டத்துக்குப் போனான்.

பந்தலில் மிச்சமிருந்த பாதியும் வெட்டப்பட்டிருந்தது.

வெட்டிய குச்சிகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டையும் ஓர் இளங்கொடியால் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. அந்த முடிச்சு அவனுக்குத் தெரியும். உலகத்தில் ஒரே ஒரு கைதான் அப்படி முடிச்சுப் போடும்.

ஒவ்வொரு வெட்டுவாயிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலக் கடைசியில் வெட்டினால் கொடி அப்படித்தான் அழும். அது இயற்கை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காற்றில் கந்தகப்பொடி வாடை. திராட்சைக்குப் பூஞ்சை வராமல் தூவுவார்கள். அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த வாடை.

டக்.

பந்தலுக்கு அந்தப் பக்கம்.

டக்.

ஓடிப்போய்ப் பார்த்தான். யாருமில்லை. ஈரமண் மட்டும் கொத்திவிடப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. தொடர் நன்றாக ஓடியது. டாக்டருக்கு ரசிகர்கள் பெருகினார்கள். அவன் படப்பிடிப்புக்குப் போகும் நாளெல்லாம் தோட்டத்தில் வேலை நடந்தது. ரோஜாச்செடிகள் கவாத்து ஆயின. வேலி நிமிர்ந்தது. வீட்டிலிருக்கும் நாட்களில் ஜன்னல் வழியாக ஒரு தொப்பியும் குனிந்த முதுகும் தெரியும். அவன் இறங்கிப் போவதற்குள் முதுகு செடிகளுக்குள் மறைந்துவிடும். வாடை மட்டும் நிற்கும்.

லோரெய்னோ அவரோடு தினமும் பேசினாள்.

"இன்னிக்கு உன்னைப் பத்திக் கேட்டார். ஐயா ராத்திரி தூங்கறாரா, விளக்கு எரியுதேன்னு."

"என்னை எப்படிச் சொன்னார்?"

"ஐயான்னுதான். வேற எப்படிச் சொல்வார்?"

வான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். அவளிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தான். செத்துப்போன மனிதர் நம் தோட்டத்தில் நடமாடுகிறார் என்று சொல்லிவிடலாம், அது எளிது. அவர் என் அப்பா, அவரைத் தோட்டக்காரர் என்று சொன்னது நான் என்பதை எப்படிச் சொல்வது? பேயைவிட அந்த வெட்கம்தான் அவன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் கொடி காய்த்தது. அப்படி ஒரு காய்ப்பை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. பந்தல் வளையும்படி குலைகள். தொடருக்கு இரண்டாம் வருஷம் உறுதியானது. கொண்டாட வேண்டும் என்று கூப் விளம்பரக் கம்பெனிக்காரர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் வந்தார். தோட்டம் நிறைய ஆட்கள், வெள்ளைத் துணி விரித்த மேஜைகள்.

"அதோ பாருங்க, உங்க ஆள்!" என்று கத்தினாள் டாட்டி.

பட்டப்பகல். பந்தலடியில் ஏணி போட்டு, முதுகைக் காட்டியபடி, கிழவர் குலை வெட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தார்.

"வான், இந்தத் தோட்டக்காரனை எனக்குக் குடுத்துடு," என்று சிரித்தார் கூப். "உன்னைவிட இவன் உபயோகமான ஆள்."

எல்லோரும் சிரித்தார்கள். வான் கையிலிருந்த கிளாஸை மேஜையில் வைத்தான்.

"அவர் தோட்டக்காரர் இல்லை," என்றான். "அவர் என் அப்பா."

சிரிப்பு இன்னும் பெரிதானது. ஒருத்தர் கைதட்டினார். "டாக்டர் நடிக்க ஆரம்பிச்சுட்டார்டோய்!"

"என் பேர் வாஹான் ஹலாஜியன். நான் கன்சாஸ் இல்லை, ப்ரெஸ்னோ. அன்னிக்கு உங்க முன்னாடி வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன். அன்னிக்கே ஊர் திரும்பற வழியில, பஸ்லயே அவர் செத்துட்டார்."

சிரிப்பு நின்றது.

லோரெய்ன் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ... இத்தனை மாசமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

அவன் பந்தலை நோக்கி நடந்தான். இந்தத் தடவை முதுகு மறையவில்லை. ஏணியின் அடியில் போய் நின்று, சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டான்.

"ஹைரிக். அப்பா."

கத்தரிச் சத்தம் நின்றது.

கிழவர் நிதானமாகத் திரும்பினார். அப்பாவின் முகம்தான். அதே நரைத்த மீசை, அதே கன்னத்து மச்சம். கண்கள் மட்டும் வேறு. வழி தவறி வந்தவனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தன.

"மன்னிக்கணும் ஐயா," என்றார். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லாத சுத்தமான ஆங்கிலம். அப்பாவுக்கு ஒருநாளும் வராத ஆங்கிலம். மனப்பாடம் செய்த வசனம்போல இருந்தது. "ஆளைத் தப்பா நினைச்சுட்டீங்க. எனக்குப் பிள்ளை கிடையாது. நான் தோட்டக்காரன்."

"அப்பா, போதும். நடிக்க வேண்டாம். நான்தான் சொல்லிட்டேனே, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே..."

கிழவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். ஏணியை விட்டு இறங்கி, பந்தலின் பின்னால் போனார். அந்தப் பக்கம் வேலிதான், வழியில்லை. டாட்டி எட்டிப் பார்த்தாள்; அங்கே யாருமில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

விருந்தாளிகள் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தார்கள்.

அந்த வாரமே வான் ப்ரெஸ்னோ போனான். ஷூஷான் அவனைக் கல்லறைக்கு அழைத்துப் போனாள். மண்டியிட்டு, நெற்றி தரையில் பட அழுதான். அவள் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை.

"என்ன சொல்லி அனுப்பினேன்னு கேட்டியே அக்கா," என்றான். சொன்னான்.

அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ யார்கிட்ட அழறேன்னு தெரியலடா," என்றாள் கடைசியில். "புதைச்ச அன்னிக்கே எனக்குத் தோணிச்சு. அப்பா இங்கே இல்லை."

தொடர் இன்னும் சில வருஷம் ஓடியது. கூப் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. ரசிகர்கள் இருக்கும்வரை டாக்டரும் இருந்தார். லோரெய்ன் போய்விட்டாள். "பேய்க்குப் பயந்து போகலை வான்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "அவரை நிக்க வச்சே நான் சாப்பாடு குடுத்தேனே. அதை என்னால மறக்க முடியலை." அவன் வீட்டை விற்றான். தோட்டமில்லாத மாடிக் குடியிருப்புகளாகப் பார்த்துப் போனான். போன இடத்திலெல்லாம் ஜன்னல் விளிம்பில் அவன் வைக்காத ஒரு செடி, யாரோ தண்ணீர் ஊற்றிய ஈரத்தோடு இருக்கும். மறுபடி வாராவாரம் சாகிற வேஷங்களுக்குத் திரும்பினான். பிறகு அதுவும் இல்லை.

தலை முழுக்க நரைத்து, நெஞ்சுக்கோளாறோடு அவன் வந்து சேர்ந்த இடம் ஓர் ஆஸ்பத்திரி வார்டு. மத்தியானங்களில் அங்கே டிவியில் பழைய டாக்டர் தொடர் ஓடும். பெர்னீஸ் என்ற நர்ஸுக்கு அவனிடம் தனிப் பிரியம்.

"டாக்டர் சார், காலையில உங்களைப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார்," என்றாள் ஒருநாள், தலையணையைச் சரிசெய்தபடி. "தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னார். சொந்தக்காரங்களைத்தான் உள்ளே விடுவோம், நீங்க என்ன வேணும்னு கேட்டேன். 'சொந்தமெல்லாம் இல்லம்மா, வேலைக்காரன்'னார். அனுப்பிட்டேன். தப்பா சார்?"

வானின் கை அவள் கையைப் பற்றிக்கொண்டது.

"மறுபடி வந்தா விட்டுடும்மா. மகன் கூப்பிடறான்னு சொல்லு. மறக்காம சொல்லு. மகன்."

மறுநாள் பெர்னீஸ் வந்தபோது அவள் முகத்தில் குழப்பம்.

"வந்தார் சார். நீங்க சொன்னபடியே சொன்னேன். மகன் கூப்பிடறார்னு."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். 'ஐயா நல்லா நடிப்பார்'னு சொல்லிட்டுப் போயிட்டார்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த வாரம் முடிவதற்குள் அவன் கதை முடிந்தது.

ஷூஷான் வந்து ப்ரெஸ்னோவுக்கு எடுத்துப் போனாள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, மூட்டுவலியோடு படியேறிப் பூ வைக்கப் போனபோது கல்லறைக் காவலாள் எதிரே வந்தான்.

"உங்க தம்பி கல்லறைப் புல்லுக்குத் தண்ணி ஊத்த நான் ஆள் வைக்கணுமாம்மா? வேண்டாம்னு நினைக்கிறேன். உங்க ஆள்தான் தினமும் வர்றாரே."

"எங்க ஆளா?"

"வயசானவர். இப்பக்கூட அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நீங்க இந்தக் குடும்பமான்னு நேத்து கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. பதில் தெரியாத மாதிரி என்னையே பார்த்தார். அப்புறம் தம்பியோட கல்லைப் பார்த்தார்."

ஷூஷான் விரைந்து நடந்தாள். இரண்டு கல்லறைகளும் ஆளின்றிக் கிடந்தன. ராத்திரிப் பனி புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது, எங்கும் ஒரு காலடித் தடம் இல்லாமல்.

தம்பியின் தலைமாட்டில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, பனி இல்லை.

குனிந்து அங்கே உள்ளங்கையை வைத்தாள்.

சூடாக இருந்தது.